ஹன்டரின் பள்ளி, சுவாமிமலைப் பட்டறை, கோவில்பட்டிப் படங்கள்: காலனி ஆட்சி நம் கலைக்கு விட்டுப்போனது என்ன?

எழும்பூர்வாசி எழுதியது:

காலனி ஆட்சியின் தாக்கம் இன்றைய கலையில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் சிலைகளைத்தான் காட்டுகிறார்கள். தீவுத்திடலில் வெள்ளைக்கார ஆளுநர் மன்றோவின் சிலை இருக்கலாமா கூடாதா என்ற பேச்சோடு விஷயம் முடிந்துவிடுகிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. உலோகத்தில் உருவம் செய்கிற இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். அவர் வேலை கேலரியில் அவர் பெயரோடு நிற்கிறது, அதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறார்கள். இன்னொருவர் சுவாமிமலையில் தாத்தாவிடம் கற்றவர். அவர் வார்த்த நடராஜர் விற்பனை நிலையத்தில் உயரம், எடை, விலை எழுதிய சீட்டோடு நிற்கிறது. செய்தவர் பெயர் அதில் கிடையாது. இவர்களை இப்படித் தனித்தனி இடத்தில் நிறுத்தியது யார்?

என் பதில்: பெரும்பகுதி, 1850ல் சென்னையில் தொடங்கிய ஒரு பள்ளிக்கூடம்.

அலெக்சாண்டர் ஹன்டர் கம்பெனிப் படையில் மருத்துவர். சொந்தப் பணத்தைப் போட்டு ஒரு கலைப் பள்ளி தொடங்கினார். அடுத்த ஆண்டே ஒரு தொழில் பள்ளியையும் அதோடு சேர்த்தார். சில ஆண்டுகளில் அரசு அதை எடுத்துக்கொண்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரி என்று நாம் அறிவது அதுதான். கல்கத்தா, பம்பாய்ப் பள்ளிகளைவிட மூத்தது. அங்கே சொல்லிக்கொடுத்தவை கோட்டுப்படம், மரச்செதுக்கு அச்சு, மண்பாண்டம், கொஞ்சம் கழித்து போட்டோ பிடிப்பது. அளந்து பார்த்து நகலெடுக்கத் தெரிந்த ஆட்கள் அரசுத் துறைகளுக்குத் தேவைப்பட்டார்கள்.

அதே நேரத்தில், 1851ல், லண்டனில் பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. நம் துணிகளையும் உலோக வேலையையும் பார்த்து ஆங்கிலேய வடிவமைப்பாளர்கள் வாய்பிளந்தார்கள். அந்தப் பாராட்டிலிருந்து ஒரு கொள்கை பிறந்தது. இந்தியர்களுக்கு அலங்காரம் நன்றாக வரும், அதைப் பாதுகாக்க வேண்டும். ஓவியம், சிற்பம் என்ற உயர்ந்த கலை அவர்களிடம் கிடையாது. ஆங்கிலேய அதிகாரி ஜார்ஜ் பேர்ட்வுட் 1880ல் இதைப் புத்தகமாகவே எழுதினார். 1910ல் அதே மனிதர் ஒரு புத்தர் சிலையை வேகவைத்த மாவுப் பண்டத்தோடு ஒப்பிட்டுப் பேசினார். அவரோடு மோதியவர் ஈ. பி. ஹேவல். அந்த ஹேவல் 1884 முதல் சில ஆண்டுகள் நம் சென்னைப் பள்ளிக்குத் தலைவராக இருந்தவர்.

அந்தப் பள்ளி எந்த அளவுக்குத் தொழிற்கூடமாக இருந்தது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1898ல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கினார். நம் சமையலறைக்கு அலுமினியம் வந்த வழிகளில் ஒன்று ஓர் ஓவியப் பள்ளி! இதைப் படித்ததிலிருந்து அந்தக் கட்டடத்தை வேறு மாதிரிதான் பார்க்கிறேன்.

1930 வாக்கில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல் இந்தியத் தலைவராக வந்தார். கைத்தொழிலைப் பின்னுக்குத் தள்ளி ஓவியத்தையும் சிற்பத்தையும் முன்னே கொண்டுவந்தார். நமக்கும் உயர்கலை உண்டு என்று நிரூபிக்க வேண்டிய காலம், அதனால் அவர் செய்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் ஆங்கிலேயர் போட்ட கோட்டை அவர் அழிக்கவில்லை. கோட்டின் மேல்பக்கத்தில் இந்தியர்களுக்கும் இடம் வாங்கிக்கொடுத்தார். கீழ்ப்பக்கத்தில் இருந்தவர்கள் அங்கேயே இருந்துவிட்டார்கள்.

இதை ஒப்புக்கொள்கிறவர்களும் மறுக்கிறவர்களும் எழுதுங்கள்.

---

பட்டறைக்காரன் எழுதியது:

நான் அந்தக் கீழ்ப்பக்கத்து ஆள். கும்பகோணம் பக்கம், வார்ப்பு வேலை செய்கிற குடும்பம். நீங்கள் எழுதியதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன்.

பெயர் போடாதது வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த பழக்கம் இல்லை. சோழர் காலத் திருமேனி எதிலாவது செய்தவர் பெயர் இருக்கிறதா? கோயில் கட்டிய ராஜாவின் பெயர் கல்லில் இருக்கும், விளக்கெரிக்க ஆடு கொடுத்தவர் பெயர் இருக்கும், சிற்பி பெயர் அபூர்வம். அதற்குக் காரணம் சாதியும்தான். எல்லாவற்றையும் ஹன்டர் தலையில் கட்டினால் நம் வீட்டுக் கணக்கு தப்பித்துவிடும்.

ஆனால் ஒன்றை அவர்கள் நிச்சயமாகச் செய்தார்கள். அளவு பார்த்துச் செய்வது என்றால் யோசிக்காமல் செய்வது என்று ஆக்கிவிட்டார்கள். நாங்கள் ஓலையை மடித்து அளவு எடுக்கிறோம், முக நீளத்தை வைத்து உடம்பின் அளவைப் பிரிக்கிற தாலக் கணக்கு வைத்திருக்கிறோம். அதனால் இது நகல் வேலை என்கிறார்கள். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் விட்டுக் காய்ச்சி, அந்த மெழுகில் ஓர் அம்மனின் இடுப்பு வளைவைப் பிடிக்கும்போது எந்த ஓலையும் உதவாது. ஒரே அளவில் என் சித்தப்பா பிடிக்கிற மெழுகும் என் அப்பா பிடிக்கிற மெழுகும் வேறு வேறாக நிற்கும். முகத்தைப் பார்த்தே யார் கை என்று எங்களால் சொல்ல முடியும். காவிரி வண்டல் பூசி, கட்டி, சுட்டு, மெழுகை ஓடவிட்டு உலோகம் ஊற்றினால் அச்சை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு அச்சுக்கு ஒரு சிலை. இரண்டாவது சிலையை மறுபடியும் முதலிலிருந்து பிடிக்கணும். இதை எப்படி நகல் என்பது?

இன்னொன்று, சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய சிலை தொல்பொருள், வெளிநாடு போகக் கூடாது. மிகவும் சரியான சட்டம், நம் கோயில்கள் பட்ட பாடு அப்படி. அதனால் இந்த வருடம் வார்த்த சிலையை வெளியே அனுப்பவும், இது பழசு இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டியிருக்கிறது. அதையும் ஏற்கிறேன். அதே சட்டத்தில் கலைப் பொக்கிஷம் என்று ஒரு பிரிவு உண்டு. அதில் ரவிவர்மா, அபனீந்திரநாத், நந்தலால் போஸ், அம்ரிதா ஷேர்கில் என்று ஒன்பது பேரை வைத்திருக்கிறார்கள். ஒன்பது பேரும் ஓவியம் தீட்டியவர்கள். வார்த்தவர், செதுக்கியவர், நெய்தவர் என்று ஒருவர்கூட இல்லை. பேர்ட்வுட் போட்ட கோடு சுதந்திர இந்தியாவின் சட்டம் வரைக்கும் வந்திருக்கிறது. இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம்.

---

பழைய மாணவர் எழுதியது:

ஹன்டரிலிருந்து ராய் சௌத்ரிக்குத் தாவி அங்கேயே நின்றுவிட்டீர்கள். அதற்கு அப்புறம் நடந்ததுதானே முக்கியம்?

நீங்கள் கேட்கிற இதே கேள்வியைச் சென்னைக்காரர்கள் 1950களிலேயே கேட்டார்கள். கே. சி. எஸ். பணிக்கர் 1957ல் முதல்வரானார். எஸ். தனபால், எல். முனுசாமி, ஏ. பி. சந்தானராஜ் எல்லாம் அந்தக் காலத்து ஆட்கள். பம்பாயில் அப்போது பிக்காசோ பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார்கள். கல்கத்தாவுக்கு வங்காளப் பாணி என்ற பெருமை இருந்தது. சென்னைக்கு இரண்டும் இல்லை. அதனால் இங்கே இருந்த கோலம், கோயில் உலோக வேலை, செப்புத் திருமேனி, ஏடு, ஜாதகக் கட்டம் எல்லாவற்றிலும் கோடு எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஆரம்பித்தார்கள். சென்னை இயக்கத்துக்கு உயிர் அந்தக் கோடுதான்.

பணிக்கர் 1963 வாக்கில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பாருங்கள். படம் முழுக்க எழுத்துபோல ஏதோ இருக்கும், படிக்க முடியாது. ஜாதகக் கட்டம்போல இருக்கும், பலன் சொல்ல முடியாது. கணக்குச் சமன்பாடுகூட வரும். கூர்ந்து பார்த்து அப்படியே வரை என்று நூறு வருடம் சொல்லிக்கொடுத்த பள்ளியின் முதல்வர், பார்த்து வரைய எதுவுமே இல்லாத படத்தைப் போடுகிறார். காலனிப் பாடத்திட்டத்துக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

சிற்பத்தில் பி. வி. ஜானகிராம். செப்புத் தகட்டைத் தட்டி, மேலே கம்பி ஒட்டி, முன்பக்கம் மட்டும் பேசுகிற உருவங்களைச் செய்தார். மூலவருக்குச் சார்த்துகிற கவசத்தை அவர் பார்த்த விதம் அதில் தெரியும். சுற்றி வந்து பார்க்கும்படி சிற்பம் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பியப் பாடம். அவர் அதை விட்டுவிட்டார். பின்னால் எஸ். நந்தகோபால் அந்த வழியில் இன்னும் தூரம் போனார்.

1966ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. அரசுப் பணமோ பணக்காரர் தயவோ எதிர்பார்க்காமல், பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று ஓவியர்கள் தங்களைத் தாங்களே நிறுத்திக்கொண்டார்கள். ஆங்கிலேயர் போட்ட கோடு என்கிறீர்களே, அந்தக் கோட்டை அழிக்கப் பார்த்தவர்கள் இவர்கள்.

ஆதிமூலத்தையும் யாரும் சொல்லவில்லை. அவர் கோட்டோவியத்தில் வரைந்த மகாராஜாக்கள் நேரடியாகவே காலனிய விஷயம். தலைப்பாகை, மீசை, பதக்கம், உடைவாள் எல்லாம் இருக்கும். அதிகாரம் மட்டும் இருக்காது, உடம்பு உள்ளேயே உளுத்துக் கிடக்கும். ஆங்கிலேய ஓவியர்களை வரவழைத்துச் சமஸ்தானங்கள் எழுதவைத்த எண்ணெய்ப் படங்களுக்குப் பக்கத்தில் அதை மாட்ட வேண்டும். தமிழ் வாசகர்களில் பலர் நவீன ஓவியத்தை முதலில் பார்த்ததே சிற்றிதழ்களில் அவர் கோடுகள் வழியாகத்தான். இதெல்லாம் அந்தப் பள்ளியில் படித்தவர்கள் செய்தது.

---

எழும்பூர்வாசி எழுதியது:

பணிக்கர் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கவே மாட்டேன். ஆனால் சோழமண்டலத்தைப் பற்றிய உங்கள் வாக்கியத்தை நீங்களே இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். பாத்திக் விற்றது சோற்றுக்கு, ஓவியம் தீட்டியது கலைக்கு. வெளியே இரண்டு சமூகங்களுக்கு நடுவில் இருந்த கோடு அங்கே ஒரே மனிதருக்குள் வந்துவிட்டது. இன்று வரலாறு எழுதுகிறவர்கள் எந்தப் பக்கத்தைப் பேசுகிறார்கள்? ஓவியத்தை. அந்தப் பாத்திக் துணிகளை யார் சேர்த்து வைத்திருக்கிறார்கள்?

---

தூரிகை_தெற்கு எழுதியது:

கோவில்பட்டிக்காரன். இவ்வளவு நீளமாகப் பேசிவிட்டு கொண்டைய ராஜு பெயரை ஒருவர்கூட எடுக்கவில்லை. அதுவே இந்த இழையின் கேள்விக்குப் பாதி பதில்.

சி. கொண்டைய ராஜு, 1898ல் பிறந்து 1976ல் மறைந்தவர். அதே சென்னைப் பள்ளியில் படித்தவர். அப்புறம் கொஞ்ச காலம் திருவண்ணாமலையில் ரமணர் பக்கம் இருந்தார், பிறகு நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதினார், கடைசியில் எங்கள் ஊரில் தங்கினார். அவரும் டி. எஸ். சுப்பையா போன்ற அவர் சீடர்களும் எழுதிய சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி, மளிகைக் கடை, ஜவுளிக் கடை நாட்காட்டிகளாகத் தமிழ்நாடு முழுக்கப் போயின. உங்கள் பாட்டி வீட்டுப் பூஜை அறையில் மீனாட்சி திருக்கல்யாணமோ முருகனோ இருந்தால், அந்த முகம் எங்கள் பக்கத்துக் கை எழுதிய முகமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அந்தப் படங்களை ஒரு தடவை சாமி என்று பார்க்காமல் ஓவியம் என்று பாருங்கள். பின்னால் மண்டபத் தூண்கள் தூரம் போகப் போகச் சிறுக்கும். கன்னத்தில் நிழல் விழும். பட்டுப்புடவை மடிப்பில் வெளிச்சம் ஏறி இறங்கும். ஓரத்தில் ஏரி, மலை, மேகம். அந்த மலை மதுரைப் பக்கத்து மலையே இல்லை, நாடகத் திரையிலிருந்து இறங்கி வந்த மலை. தூரக் கணக்கும் நிழலும் ஐரோப்பியப் பள்ளிப் பாடம். ரவிவர்மா அதைப் புராணத்தோடு சேர்த்தார். 1873ல் சென்னைக் கண்காட்சியில் பரிசு வாங்கினார், 1894ல் பம்பாயில் அச்சகமே வைத்தார். கொண்டைய ராஜு அதைத் தெற்கே எங்கள் முகச்சாயலுக்கு, எங்கள் நகைக்கு, எங்கள் ஊர்க் கோயில்களுக்குக் கொண்டுவந்தார்.

காலனி ஆட்சி கொண்டுவந்த கலைமுறை தமிழர்களிடம் எங்கே ஆழமாக இறங்கியது என்று கேட்டால், கேலரியில் தேடாதீர்கள், சாமி அறையில் தேடுங்கள். நாம் கும்பிடுகிற முகத்தையே அது மாற்றியிருக்கிறது. கற்சிலையில் இருக்கும் முருகனையும் நாட்காட்டி முருகனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இப்போது புதிதாகக் கட்டுகிற கோபுரங்களில் வண்ணம் பூசிய சுதைகளைப் பாருங்கள், பல முகங்கள் நாட்காட்டியிலிருந்து திரும்பிப் போனவை.

இன்னொரு விஷயம். எழும்பூர்வாசி பெயர் போடாததைப் பெரிதாகச் சொன்னார். எங்கள் ஓவியர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அச்சுப் படத்தின் மூலையில் கொண்டைய ராஜு என்று இருக்கும். லட்சக்கணக்கான வீடுகளில் கையெழுத்தோடு தொங்கிய மனிதரை நவீன ஓவிய வரலாற்றில் ஒரு பத்திகூட எழுதாமல் கடந்துபோகிறார்கள். ஆக, பெயர் போட்டால் மட்டும் கதவு திறக்காது.

---

கரிக்கோடு எழுதியது:

தூரிகை அண்ணா, உங்கள் பதிவுக்கு நன்றி. நான் ஓவியம் படித்தவள். நாங்கள் படித்த இடத்தில் முதல் ஆண்டு முழுக்க பிளாஸ்டர் வார்ப்பைப் பார்த்து கிரேக்க மூக்கு, கிரேக்கக் காது என்று வரைந்தோம். ஓர் உருவத்தின் உயரம் தலையின் உயரத்தைப்போல எத்தனை மடங்கு என்ற ஐரோப்பியக் கணக்கை மனப்பாடம் செய்தோம். நவதாலம் என்று ஒன்று இருப்பதையும், அதற்குப் பட்டறைகளில் இன்றும் ஓலை மடிக்கிறார்கள் என்பதையும் நான் படிப்பு முடித்த பிறகு வேறு இடத்தில்தான் தெரிந்துகொண்டேன். கிரேக்க மூக்கு வரைந்ததில் எனக்கு வருத்தமே இல்லை, கை அதில் பழகியது. அடுத்த பெஞ்சில் இது ஏன் இல்லை என்பதுதான் என் கோபம்.

எல்லோரும் யார் செய்தார்கள் என்று பேசுகிறீர்கள். யாரை வரைந்தார்கள் என்றும் பேச வேண்டும். கம்பெனிக் காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்து ஓவியர்கள் வெள்ளைக்கார அதிகாரிகளுக்காக ஜோடி ஜோடியாகப் படம் போட்டார்கள். குயவரும் மனைவியும், வண்ணாரும் மனைவியும், சிப்பாயும் மனைவியும் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தாள். மனிதர்களை வகைப்படுத்தி ஆல்பத்தில் ஒட்டுவதற்கான படங்கள் அவை. அப்புறம் அந்த வேலையைக் கேமரா எடுத்துக்கொண்டது. 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் ஆட்களின் தலை, மூக்கு எல்லாம் அளந்து எழுதினார். 1909ல் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் என்று ஏழு தொகுதியாக அது வந்தது. நாம் செப்புத் திருமேனிகளைப் பார்க்கப் போகிற அதே எழும்பூர் வளாகம்.

இதைத் தன் உடம்பிலேயே ஏற்றிப் பார்த்தவர் பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா. கிளேர் ஆர்னி என்ற புகைப்படக் கலைஞரோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை ஒரு பெரிய வரிசை செய்தார். தென்னிந்தியப் பெண்கள் என்று நமக்குக் காட்டப்பட்ட படங்களை எடுத்து, அந்தப் பெண்ணின் இடத்தில் தானே நின்றார். ஒன்றில் ரவிவர்மாவின் லட்சுமி. ஒன்றில் அளவெடுப்புப் படம்: பின்னால் கட்டம் போட்ட திரை, முன்னால் அளக்கப்படுகிற பெண். அந்தமான் பழங்குடிகளை அப்படி நிறுத்திப் படமெடுத்தார்கள். இரண்டையும் ஒரே வரிசையில் வைத்ததுதான் அவர் செய்த பெரிய காரியம் என்பேன். தெய்வமாக்கி வரைந்ததும் மாதிரியாக்கி அளந்ததும் ஒரே காலத்தில், ஒரே பார்வையில் நடந்தவை என்று அந்தப் படங்களுக்கு நடுவே நடக்கும்போது உறைக்கிறது.

அதே நேரம் எனக்கு ஒரு பயமும் உண்டு. வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கு இந்த மாதிரி வேலை பிடித்துப்போனால், காலனியம் பற்றிப் பேசுவதே நம்மிடம் எதிர்பார்க்கப்படுகிற சரக்கு ஆகிவிடும். அன்று அலங்காரம் கேட்டார்கள், இன்று காயத்தைக் கேட்கிறார்கள். என் வயது ஓவியர்கள் விண்ணப்பம் எழுதும்போது பெண், சாதி, காலனி என்று தேடித் தேடிச் சேர்ப்பதைப் பார்க்கிறேன். ஒரு பெண் தன் வீட்டு மாடியில் காய்கிற துணியை நன்றாக வரைந்தால் அதற்கு இடம் எங்கே?

---

திருவல்லிக்கேணி_ராஜன் எழுதியது:

சிலைகளை அவ்வளவு லேசாகத் தள்ள முடியாது. 1857 கிளர்ச்சியில் கொடூரம் செய்த ஆங்கிலேயப் படை அதிகாரி நீலின் சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. 1927ல் அதை அகற்றச் சொல்லிச் சத்தியாக்கிரகம் செய்து நம் ஆட்கள் சிறைக்குப் போனார்கள். 1937ல் ராஜாஜி அரசு வந்த பிறகுதான் அது சாலையிலிருந்து போனது. பொது இடத்தில் எந்த உருவம் நிற்கலாம் என்று சென்னை அன்றே கேட்டிருக்கிறது. உழைப்பாளர் சிலை 1959ல் கடற்கரைக்கு வந்ததை அந்தத் தொடர்ச்சியில் பார்க்க வேண்டும். குதிரை மேல் ஜெனரல் இருந்த ஊரில் கோவணத்தோடு பாறையை நெம்புகிற நான்கு பேர். செய்தவர் நீங்கள் குறை சொன்ன அதே ராய் சௌத்ரி.

---

பட்டறைக்காரன் எழுதியது:

உழைப்பாளர் சிலை எனக்கும் பிடிக்கும். சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தபோது அந்த முதுகுத் தசைகளைத்தான் காட்டினார். எங்கள் வேலையில் தசை கிடையாது, அதனால் அவருக்கு அது அதிசயம்.

ஆனால் இன்னொரு சிலையையும் பக்கத்தில் வையுங்கள். கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர், 2000 ஜனவரி 1ல் திறந்தது. செய்தவர் கணபதி ஸ்தபதி, மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியை நடத்தியவர். அவ்வளவு உயரத்தில் இடுப்பை ஒசித்து நிறுத்த கல்லில் என்ன கணக்குப் போட்டிருக்க வேண்டும்! இருபதாம் நூற்றாண்டு இந்தியச் சிற்பம் என்று வருகிற புத்தகங்களில் ராய் சௌத்ரிக்கு அத்தியாயம் இருக்கும். கணபதி ஸ்தபதியைக் கட்டடக் கலை, வாஸ்து, மரபு என்ற அலமாரியில் வைப்பார்கள். ஒரே மாநில அரசு, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு கல்லூரி, மாமல்லபுரத்தில் 1957 முதல் இன்னொரு கல்லூரி. இங்கே நவீனம், அங்கே மரபு. இங்கே படிக்கிறவர் அங்கே ஒரு வருடம் போய்க் கல் கொத்தக் கூடாதா, அங்கே படிக்கிறவர் இங்கே வந்து அச்சுக்கலை கற்கக் கூடாதா?

பழைய மாணவர் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. ஜானகிராம் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கவசம் தட்டுகிறவர்களின் முறை அவர் வழியாகக் கேலரிக்குப் போனது, கவசம் தட்டுகிறவர் போகவில்லை. இதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. கதவு எந்த அளவுக்குத் திறந்தது என்று சொல்கிறேன்.

---

பழைய மாணவர் எழுதியது:

நீங்கள் சொல்கிற வலி புரிகிறது தம்பி. ஆனாலும் ஒரு வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. கோயிலுக்குச் செய்கிறவர் தெய்வத்துக்கும் ஆகமத்துக்கும் கட்டுப்பட்டவர். அவர் சிலை சரியாக இருக்க வேண்டும். பணிக்கருக்கு அப்படி எந்தக் கட்டும் இல்லை, தோற்றுப்போக அவருக்கு உரிமை இருந்தது. தோற்க உரிமை உள்ள வேலையும் பிழை ஆகாத வேலையும் வேறு வேறு. எது உயர்வு என்று நான் சொல்லவில்லை. இரண்டையும் ஒன்று என்று சொன்னால் இரண்டுமே கெட்டுவிடும். இந்த வித்தியாசத்தை வெள்ளைக்காரன் வராவிட்டாலும் நாம் ஒரு நாள் கண்டிருப்போம்.

---

வடமராட்சி எழுதியது:

நீங்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தையும் பட்டறையையும் வைத்துக் கதைக்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் காலனி ஆட்சி விட்டுப்போனது காணிக் கணக்கு. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு யாருடைய காணி எது, எவ்வளவு, என்ன மரம் நிற்கிறது என்றெல்லாம் தோம்பு என்ற காணிப் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். வரி வாங்கத்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிற தா. சனாதனன் அந்த வடிவத்தை எடுத்து, 2011ல் 'முடிவுறாத தோம்பு' என்று சொல்லத்தக்க ஒரு படைப்பைச் செய்தார். போரில் வீட்டை விட்டுப் போனவர்களிடம், அந்த வீட்டின் வரைபடத்தை ஞாபகத்திலிருந்து கீறித் தரச் சொன்னார். கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமி அறை எங்கே என்று ஆட்கள் கீறினார்கள். அதை முறையான கட்டட வரைபடமாகவும் மாற்றி, தன் சித்திரத்தையும் சேர்த்தார்.

பழைய மாணவர் சொன்ன வித்தியாசத்துக்குள் இது எங்கே வரும் என்று யோசியுங்கோ. கீறினவர்கள் ஓவியர்கள் இல்லை. தோற்கும் உரிமையைப் பற்றி அவர்கள் நினைத்திருக்கவே மாட்டார்கள். கிணற்றைப் பிழையான இடத்தில் கீறினால் அது அவர்களுக்குப் பெரிய கவலை. ஆனால் அந்தக் கோடுகள் இல்லாமல் படைப்பே இல்லை. வரி வாங்க ஆட்சி பாவித்த படிவத்தைக் காணி இழந்த சனம் தன் பதிவேடாக எடுத்துக்கொண்டது.

மலையகத்தையும் விடாதீர்கள். பிரிட்டிஷ்காரர் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோன சனத்தின் பிள்ளைகள் இன்று ஓவியம் படிக்கிறார்கள். ஹனுஷா சோமசுந்தரம் போன்றவர்கள் தேயிலையை வைத்தே வேலை செய்கிறார்கள். கரிக்கோடு சொன்ன பயம் சரி, வெளிநாட்டுக்காரருக்கு இது பிடிக்கும். ஆனால் அவர்களுக்குத் தேயிலை தேடிச் சேர்த்த விஷயம் இல்லை. தோட்டத் தொழிலாளர் இருக்கிற லயத்துக் கதவைத் திறந்தால் அதுதான் முன்னால் நிற்கிறது.

---

கரிக்கோடு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். என் பயம் அவர்களைப் பற்றியது இல்லை, விண்ணப்பப் படிவத்தைப் பற்றியது. சனாதனன் வேலையில் எனக்குப் பிடித்தது, கீறியவர்களின் கோட்டை அவர் திருத்தாமல் அப்படியே வைத்ததுதான். பக்கத்தில் கட்டட வரைபடம் இருக்கும்போது அந்தக் கைக்கோட்டின் நடுக்கம் இன்னும் நன்றாகத் தெரியும்.

---

எழும்பூர்வாசி எழுதியது:

பழைய மாணவர் ஐயாவின் பதிவை நிறைய யோசித்தேன். தோற்க உரிமை என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்த உரிமையைப் பட்டறைக்கு யார் மறுத்தது? ஆகமம் மட்டும் இல்லை, சந்தையும்தான். வாங்க வருகிறவர் பழைய சோழர் பாணியில் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார். புதிதாக ஒன்றைப் பிடித்தால் விற்காது. பேர்ட்வுட் காலத்தில் சொன்னதும் அதுவேதான்: உங்கள் பழைய வடிவத்தைக் கெடுக்காமல் பாதுகாத்து வையுங்கள். பாதுகாப்பு என்ற பெயரில் புதிதாகச் செய்யாதே என்று ஒரு பக்கத்துக்கும், பழையதைச் செய்யாதே என்று இன்னொரு பக்கத்துக்கும் சொல்லிவைத்திருக்கிறோம்.

இதோடு வேலூர் எல்லப்பாவைச் சொல்ல வேண்டும். 1830களில் கம்பெனிக்காரர்களுக்காகப் படம் போட்டவர். அவர் தன்னையே வரைந்திருக்கிறார், வேலை செய்ய உட்கார்ந்த நிலையில். 2019ல் லண்டன் வாலஸ் கண்காட்சியில் அது வந்தது. ஹன்டர் பள்ளி தொடங்குவதற்கு முன்பே, கூலிக்குப் படம் போடுகிறவர் என்று கருதப்பட்ட ஒருவர் தன் முகம் பார்க்கத் தகுந்தது என்று முடிவு செய்திருக்கிறார்.

பட்டறைக்காரன், நீங்கள் கேட்ட மாணவர் பரிமாற்றம் நல்ல யோசனை. உங்கள் பட்டறையில் ஓவிய மாணவர்கள் வந்து இருந்து கற்க இடம் கொடுப்பீர்களா? அப்படி வந்தால் குறைந்தது எவ்வளவு காலம் வேண்டும்?

---

பட்டறைக்காரன் எழுதியது:

வரட்டும். மெழுகு பிடிக்க மட்டும் என்றால் ஆறு மாதம் இருந்தால் கைக்குச் சூடு பழகும். வார்ப்பு, உளி வேலை, கண் திறப்பு எல்லாம் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு வருடம். அவர்கள் பிடிப்பது சாமியாக இருக்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். பிடித்ததை வார்த்துத் தருகிறேன். இரண்டு நிபந்தனை: வார்த்தவர் பெயரும் கீழே இருக்கணும், மண் பிசைய அவர்களும் இறங்கணும்.

---

கரிக்கோடு எழுதியது:

நான் வருகிறேன். தனிச்செய்தியில் ஊரும் வழியும் அனுப்புங்கள். பெண்கள் மெழுகு பிடிக்க உட்காரலாமா என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் கேட்டுவிடுங்கள், நான் வந்த பிறகு அந்தப் பேச்சு வேண்டாம்.